கறுத்த பிளேன்டீ

வீரம்மா ஒரு கண்ணாடிப் பாட்டிலை மேசைமேல் வைத்தாள். உள்ளே மை போல ஏதோ இருந்தது.

"என்ன இது?" என்றார் தாரணி.

"பிளேன்டீங்க, பால் ஊத்தாத டீ. எங்க வீட்டுக்காரர் படத்துக்குக் காலைல வச்சது."

தாரணி அரசுத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அட்டுவம்பட்டியில் தனியாக இருந்தார். மலையில் எங்காவது தண்ணீர் நாறினால், நிறம் மாறினால், அவரைத் தேடி வருவார்கள். கூட்டி வருபவன் பெரும்பாலும் ஜீப் ஓட்டும் ஜெயமுருகனாக இருப்பான். வீரம்மாவையும் அவன்தான் கூட்டி வந்திருந்தான். வழியில் அவள் சொன்னதைக் கேட்டு, கை மயிர் சிலிர்த்தது அவனுக்கு இன்னும் அடங்கவில்லை.

வடகவுஞ்சிக்கு மேலே முப்பது வீட்டுக் காலனி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். வீரம்மாவின் கணவர் காசிநாதன் அங்கே தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்தார். நாற்பது நாளைக்கு முன், அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். பத்து நாள் கழித்து, படத்துக்கு முன் வைத்த டீ கறுத்தது. அன்றே காலனியில் எல்லார் வீட்டு டீயும் கறுத்தது.

"ஊத்தும்போது செவப்பாத்தான் இருக்கும். கண்ணு முன்னாலயே கறுக்கும். கடைசியா டீ குடுத்தவ நான்தானாம். அதான் டீயில வந்து சாட்சி சொல்றாராம். எங் கையால யாரும் தண்ணி வாங்குறதில்ல. வர்ற ஞாயித்துக்கெழம கூடிப் பேசி என்னை வீட்ட விட்டு அனுப்பப் போறாங்க. முன்ன நிக்கிறது அவரு தம்பி மகேந்திரன்."

"டீயைத் தவிர வேற என்ன மாறிச்சு?"

வீரம்மா யோசித்தாள். "தண்ணி வெதுவெதுன்னு வருதுங்க. இந்தப் பனி மாசத்துல குழாயத் தொட்டா வெரலு மரத்துப்போகும். இப்ப ஆள் ஒடம்பத் தொட்ட மாதிரி இருக்கு. அப்புறம், வெள்ளனே மண்ணுக்கடியில ஒரு மொனகல். விழுந்தப்ப அவரு மொனகுனாரே, அதே மாதிரி."

ஜெயமுருகன் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"காலனியில யாரும் டீக்குப் பால் ஊத்துறதில்லையா?" என்றார் தாரணி.

"எங்க ஆளுக ஊத்த மாட்டாங்க. தோட்டத்துப் பழக்கம்."

"எலுமிச்சம்பழம் கெடைக்குமா?"

ஜெயமுருகன் நிமிர்ந்தான். மேடமும் ஒருவழியாக நம்பிவிட்டார் என்று தோன்றியது.

ஞாயிறு காலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பனிமூட்டத்தில் காலனியே தெரியவில்லை. ஒரு நாய் குரைப்பது மட்டும் கேட்டது. ஜெயமுருகன் ஜீப்பை அணைத்ததும் காலுக்கடியில் அது தொடங்கியது. தாழ்ந்த, ஒரே சீரான முனகல்.

"அது எங்கேயிருந்து வருதுன்னு பார்த்துட்டு வாங்க," என்றார் தாரணி.

"நானா மேடம்?"

"நான் புது ஆபரேட்டரைப் பார்க்கணும்."

அவன் போனான். கால் மணி நேரத்தில் ஓடி வந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை.

"பீன்ஸ் காட்டு மேட்டுல மேடம். பழைய போர்வெல் ஒண்ணு கெடக்கு. மண்ணுக்குள்ளேர்ந்துதான் மொனகுது. பக்கத்துக் குழாயில கசியுற தண்ணி ஆவி விடுது மேடம். மூச்சு விடுற மாதிரி."

"போருக்கு மூடி இருக்கா?"

"இரும்பு மூடி. பூட்டு தொங்குது."

"துருப்பிடிச்ச பூட்டா?"

"பளபளன்னு இருந்துச்சு."

"பேய் புதுப் பூட்டு வாங்காது ஜெயமுருகன். வேற என்ன பார்த்தீங்க?"

"தொட்டிக்குத் தண்ணி வர்ற ஊத்துப் பக்கத்துலேர்ந்து ஒரு கறுப்பு ஓஸ். டூரிஸ்ட்டுக தங்குற காட்டேஜுக்குப் போகுது."

காசிநாதனுக்குப் பின் வந்த ஆபரேட்டர் ஞானவேல், மலையடிவாரத்து ஆயக்குடிக்காரர். தொட்டிக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தார். மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார். பால் டீ.

"இதே தொட்டித் தண்ணிதாங்க. என் டீ கறுத்துச்சா, நீங்களே பாருங்க. ஊத்துத் தண்ணி, கண்ணாடி மாதிரி. கோளாறு தண்ணியில இல்ல, அந்தப் பொம்பள மனசுல."

தாரணி முழுவதும் குடித்தார். "பால் நல்லா இருக்கு," என்றார்.

ஒன்பது மணிக்குத் தொட்டியடியில் கூடினார்கள். பெண்கள் வீரம்மாவை விட்டு நாலடி தள்ளி நின்றார்கள். மகேந்திரன் பேசத் தொடங்குமுன் தாரணி ஓரமாக அடுப்பு மூட்டச் சொன்னார். குழாய்த் தண்ணீரில் டீ கொதித்தது. டம்ளரில் ஊற்றியதும் சிவப்பு மங்கியது, பிறகு கறுத்தது.

தாரணி அரை எலுமிச்சம்பழத்தை அதில் பிழிந்தார். கறுப்பு கரைந்து சிவப்புத் திரும்பியது.

"எலுமிச்சம்பழத்துக்கு அடங்குது பாத்தியாலே," என்றது ஒரு குரல். "அப்ப அவருதான்."

"சரி. பாலுக்கும் அடங்குவாரா?" தாரணி இன்னொரு டம்ளரில் முதலில் பால் ஊற்றி, மேலே டீயை விட்டார். அது சாதாரண டீயாக, கொஞ்சம் மங்கலாக நின்றது. "ஞானவேல் வீட்டுல இப்படித்தான் இருந்துச்சு. அதனாலதான் மாட்டிக்கிட்டார்."

ஞானவேலின் முகம் மாறியதை ஜெயமுருகன் பார்த்தான்.

"தண்ணியில இரும்பு இருந்தா டீச்சாயம் அதோட சேர்ந்து மையாகும். பால் ஊத்தினா அவ்வளவா தெரியாது. புளிப்பு பட்டா கறுப்பு போயிரும். ஊத்துத் தண்ணியில இவ்வளவு இரும்பு இல்ல. இருந்திருந்தா இத்தனை வருசமா கறுத்திருக்கும். அது ராத்திரி பூரா வெட்டவெளிக் குழாயில கெடந்து வரும், அதான் வெரலு மரத்துச்சு. இப்ப வர்றது ஆழத்துலேர்ந்து அப்பத்தான் எடுத்த தண்ணி. மண்ணுக்குள்ள பனி இறங்காது. அதான் வெதுவெதுப்பு. மொனகுறது போருக்குள்ள இறக்கின மோட்டார். ஊத்துத் தண்ணி காட்டேஜுக்குப் போகுது. தண்ணியைத் திருப்புற வால்வு சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

"ஞானவேலண்ணே?" என்றான் மகேந்திரன்.

ஞானவேல் தரையைப் பார்த்தார். "காட்டேஜு எங்க மச்சானோடது. ஊத்துத் தண்ணி இல்லாட்டி கெஸ்ட்டு வரமாட்டாங்கன்னான். நானும் டீ போட்டுப் பாத்துட்டுத்தான்யா திருப்பி விட்டேன். ஒண்ணும் தெரியல. பால் ஊத்தாம ஒரு ஊரே டீ குடிக்கும்னு எனக்கென்ன தெரியும்?"

"தெரிஞ்ச பெறகு?"

"ஊரு பேயின்னுச்சு. விட்டுட்டேன்."

"அந்தப் பொம்பளன்னு சொன்னது ஊரு இல்ல, நீங்க," என்றார் தாரணி.

இரண்டு பேர் ஞானவேலை வால்வுக்குக் கூட்டிப் போனார்கள். மகேந்திரன் வீரம்மாவின் முன்னால் வந்து நின்றான். கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"மதினி, நீங்க வீட்டுக்குப் போங்க. இனி ஒருத்தனும் ஒண்ணும் சொல்லமாட்டான்."

"போறேன். நீங்களும் வாங்க. எல்லாரும்."

வீரம்மா தன் வீட்டு வாசலில் டீ போட்டாள். தொட்டியில் இன்னும் போர்த் தண்ணீர்தான் இருந்தது. முப்பது டம்ளரிலும் டீ கறுத்தது. கூட்டம் வாசலுக்கு வெளியே நின்றது.

"இதுல விஷம் இருக்காங்க?" என்று தாரணியைக் கேட்டாள்.

"இல்ல. தெனமும் குடிக்கக்கூடாது. இன்னிக்கு ஒருநாள் குடிக்கலாம்."

வீரம்மா முதல் டம்ளரை மகேந்திரனிடம் நீட்டினாள். அதில் பனியும் அவன் முகமும் கறுப்பாகத் தெரிந்தன. எல்லாம் விளங்கிய பிறகும் ஜெயமுருகன் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனான்.

மகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

"கண்ணத் தொறந்து குடிங்க," என்றாள் வீரம்மா.

அவன் திறந்தான். மீதியைக் குடித்து முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த டம்ளரை எடுத்தாள்.