திருப்பி வைத்த தட்டு

பிற்பகல் இரண்டு மணி. நீலகிரியின் நடுவட்டம் ஊரில் மூடிக் கிடந்த தேயிலை ஃபேக்டரிக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போன கருப்பம்மா, கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து அலறினாள். இலை உருட்டும் மேசையின் பித்தளைப் பட்டைகளைக் காணவில்லை. கதவை ஒட்டிய பெஞ்சில் அவள் கணவர் காத்தமுத்து மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டை மூடிய நாளிலிருந்து தொழிலாளர்களே முறை வைத்து அங்கே காவல் இருந்தார்கள். மெஷின்கள் போய்விட்டால் ஃபேக்டரி இனித் திறக்கவே திறக்காது.

சப்-இன்ஸ்பெக்டர் இந்துமதி ஜீப்பை விட்டு இறங்கியபோது கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது.

"கதவு கைக்கெட்டுற தூரம். பாக்கலையாமா! உங்க பங்கு எவ்வளவுங்க அண்ணே?" என்றான் ஒருவன்.

"யாரும் வரலீங்கம்மா. சாமி சத்தியமா வரலீங்க" என்றார் காத்தமுத்து.

பொய் சொல்பவர்கள் இப்படிக் குழம்பிப்போய்ப் பார்ப்பதில்லை என்று இந்துமதிக்குத் தோன்றியது. அவருடைய வலக்கன்னம் வழவழவென்று இருந்தது. இடக்கன்னத்தில் நரைமுடி முள்ளாக நின்றது. ஸ்வெட்டரின் இடக்கை மாட்டப்படாமல் தொங்கியது. சாராய வாடை இல்லை.

அவள் மெல்ல அவருடைய இடப்பக்கம் போய் நின்றாள். "சாப்பிட்டீங்களா?"

அவர் வலப்பக்கம் திரும்பி, அங்கே நின்ற கான்ஸ்டபிளுக்குப் பதில் சொன்னார். "சாப்புட்டேனுங்க. சோறு தீந்துருச்சுன்னு உக்காந்திருந்தேன். திரும்பப் பாத்தா தட்டுல சோறு இருக்குது!"

கூட்டம் சிரித்தது. இந்துமதி சிரிக்கவில்லை.

"கொஞ்ச நாளா இப்படித்தானுங்க" என்றாள் கருப்பம்மா. "ஊட்ல பாதிச் சோத்தை வெச்சுட்டே பசிக்குதுங்கறாரு. லிங்கசாமி கூடக் காவல் இருக்கற அன்னிக்குத்தான் தட்டு காலியாகுது."

"இன்னிக்கு?"

"வழிச்சு வெச்சாப்புல காலிங்க."

"லிங்கசாமி யாரு?"

தலை நனைந்த ஒருவன் முன்னால் வந்தான். "நானுங்க மேடம். புள்ளைக்குக் காய்ச்சல். கூடலூர் போயிட்டு இப்பத்தான் பஸ்ஸை விட்டு எறங்கினேன். இன்னிக்கு இந்தப் பக்கமே வரலீங்க."

காத்தமுத்துவை ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு இந்துமதி கூட்டத்தைப் பார்த்தாள். கல்லூரியில் விலங்கியல் படித்தவள். மூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் கழுத்துக்கு மேலே முகுளத்தில் குறுக்காகக் கடப்பதை அன்று படமாக வரைந்து மனப்பாடம் செய்திருந்தாள். அந்தப் படத்துக்குள் ஒரு மனிதர் இப்படித் தனித்துப்போவார் என்று அப்போது நினைத்ததில்லை.

"அவர் பொய் சொல்லல. மூளையோட வலது பாதிதான் இடப்பக்கத்தைக் கவனிக்குது. அங்கே ரத்தக் குழாய் அடைச்சிருக்கணும். கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஆனா இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவர் மூளைக்குத் தெரியல. அதனாலதான் பாதிச் சவரம், பாதிச் சோறு. கதவும் சாவி மாட்டுற ஆணியும் அவருக்கு இடப்பக்கம்."

இந்துமதி லிங்கசாமியின் பக்கம் திரும்பினாள்.

"மிச்சச் சோறு அவர் கண்ணுல படணும்னா யாராவது தட்டைத் திருப்பி வெச்சிருக்கணும். கூடலூர்ல இருந்துக்கிட்டு எப்படித் திருப்புனீங்க, லிங்கசாமி?"

அவன் தரையைப் பார்த்தான். "பட்டையெல்லாம் தேயிலைச் செடிக்குள்ள சாக்குல இருக்குதுங்க மேடம். இன்னும் விக்கல."

"அவருக்கு முடியலைன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"மொதல்ல, அவரைக் காவலை விட்டு எடுத்துருவாங்களேன்னு சொல்லலீங்க. அப்புறம்..."

"திருட வந்த நீங்க தட்டை ஏன் தொட்டீங்க?"

"சாக்கோட வெளிய வந்தேன். காலித் தட்டைத் தடவுற மாதிரி ஒரே பக்கத்தைத் தடவிட்டிருந்தாரு. மனசு கேக்கலீங்க."

ஊட்டி ஆஸ்பத்திரிக்கு ஜீப் கிளம்பியது. காத்தமுத்துவுக்கு வலப்பக்கம் இந்துமதி, இடப்பக்கம் லிங்கசாமி.

"ஏனுங்கம்மா" என்று காத்தமுத்து அவள் பக்கம் சாய்ந்தார். "லிங்கசாமியைப் பாத்தா சொல்லுங்க, நான் கதவை விட்டு நகரவே இல்லைன்னு. யாரு நம்பலைன்னாலும் அவன் நம்புவான்."

லிங்கசாமி தொங்கிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை இழுத்து அவருடைய இடத்தோளைப் போர்த்தினான். காத்தமுத்து அவன் பக்கம் திரும்பவே இல்லை.