கூசுதிரை

பின்பக்கத்தைக் கறுப்புத் துணியால் மூடிய கார்களை இப்போதெல்லாம் பார்க்கவே முடியாது. மூடியிருந்தாலே உள்ளே ஏதோ இருக்கிறது என்று திருடனுக்குச் சொல்லிக்கொடுத்த மூடிகள் அவை. கண்ணாடிகள் உடைந்ததுதான் மிச்சம். கூசுதிரை வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. சாமான்களின் மேல் இழுத்துவிட்டால் திரை தண்ணீர் போலத் தெளிந்துவிடும். அடியில் இருப்பதெல்லாம் ஊருக்கே தெரியும். எடுத்துக்கொள்ளும் ஆசையோடு பார்க்கிற கண்ணுக்கு மட்டும் வெறும் தரைதான் தெரியும்.

யார் பார்த்தாலும் திரை முதலில் உள்ளதை உள்ளபடி காட்டும், மனம் அறியாத அளவுக்குச் சின்னப் பொழுது. அதற்குள் கண்மணி விரிந்து பதில் சொல்லிவிடும். ஒரே ஒரு பொருள்மேல் ஆசை எழுந்தாலும் திரை எல்லாவற்றையும் அந்தக் கண்ணுக்கு மறைத்துவிடும். அருகருகே நிற்கும் இருவரில் ஒருவர் நகையைக் காண்பார், மற்றவர் ஒன்றுமில்லாததைக் காண்பார்.

இதனால் ஒரு புதுப் பழக்கமும் வந்தது. யாருடைய காரைக் கடந்தாலும் எல்லோரும் "அடேயப்பா, அமோகமா இருக்குதே!" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். பின்கண்ணாடி காலியாகத் தெரிகிறது என்று எவன் வாய்விட்டுச் சொல்வான்?

பரணிதரன் கோயம்புத்தூரில் திரையை வாங்கியது தங்கை மகளின் காதுகுத்துக்காக. தாய்மாமன் சீர் வருகிற அழகை ஊர் பார்க்க வேண்டும். வழியில் களவும் போகக்கூடாது.

"உரிமையாளர் கண்ணை முன்கூட்டியே பதிஞ்சு வெக்கணுமா?" என்று கடையில் கேட்டான்.

"எதுக்குங்க சார்?" விற்பனையாளர் சிரித்தார். "சொந்தப் பொருளை யாருங்க திருட ஆசைப்படுவாங்க?"

பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழத்தட்டுகள், வெல்லம் எல்லாவற்றையும் அவனே அடுக்கினான். கடைசியாக நடுத்தட்டில், திறந்த பெட்டியோடு அம்மாவின் காசுமாலை. பேத்தியின் காதுகுத்தன்று அது அவள் கழுத்தில் ஏறி அவளுக்கே ஆக வேண்டும் என்பது அம்மாவின் கடைசிப் பேச்சு. அப்போது தங்கை சாருலதாவுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அன்று முதல் மாலை பரணியின் பீரோவில் இருந்தது. சில சாயங்காலங்களில் பெட்டியைத் திறந்து, காசுகளை விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்ப்பான். அம்மா ஞாபகம் என்று நினைத்துக்கொள்வான். மனைவி கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

காங்கேயத்துக்கு அப்பால் குலதெய்வக் கோயில். தங்கையின் கணவன் தங்கவேல் எதிரே ஓடிவந்தான்.

"வாங்க மச்சான்! மொகம் கழுவிட்டு வாங்க. வண்டிய நெழல்ல விட்டுட்டு வர்றேன், குடுங்க."

சாவியை வாங்கிக்கொண்டு போனான். பரணி முகம் கழுவித் திரும்பியபோது மேளம் தொடங்கியிருந்தது. சொந்தபந்தம் முழுக்கக் காரைச் சுற்றி நின்றது. சீரை இறக்கப் போனவன் பின்கண்ணாடி வழியே குனிந்து பார்த்தான்.

வெறும் தரை.

"ஐயோ! எல்லாம் போச்சு! ஒண்ணுமில்ல!" மேளம் நின்றது. அவன் தங்கவேல் பக்கம் திரும்பினான். "மாப்ள, சாவி உங்க கையிலதான இருந்துச்சு?"

"மச்சான், வண்டிய நிறுத்துனதோட செரி. நானு…"

"நீங்க எடுத்தீங்கன்னு சொன்னனா? சாவி யார் கையில இருந்துச்சுன்னுதான கேக்கறேன்!"

தங்கவேலின் முகம் கறுத்தது. எல்லோரும் ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தார்கள், ஒருமுறை பரணியைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். கூட்டத்தின் பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். தட்டுப்பிடிக்க வந்த பெண்களில் ஒருத்தி மட்டும் பழக்கதோஷத்தில், "அமோகமா இருக்குதுங்க" என்று முணுமுணுத்தாள்.

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த சாருலதா அருகே வந்து அவன் காதோரம் குனிந்தாள்.

"எல்லாம் இருக்குதுண்ணா. அம்மா மாலை நடுத்தட்டுல மின்னுது. எல்லாருக்கும் தெரியுது."

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. உச்சந்தலையிலிருந்து சூடு இறங்கியது. காரைச் சுற்றி நின்றவர்களில் காலி இடத்தைக் கண்டது அவன் ஒருவனே. அதையும் தொண்டை கிழியக் கத்திச் சொல்லியிருக்கிறான்.

தங்கவேலே கதவைத் தூக்கி, திரையைச் சுருட்டி, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். "மேளத்த அடிங்கப்பா" என்று மட்டும் சொன்னான். அவன் திட்டியிருந்தால் பரணிக்கு மூச்சு வந்திருக்கும்.

தங்கையாவது, காதுகுத்துக்கு நீங்கள் உட்கார வேண்டாம், வேறு யாராவது உட்காரட்டும் என்று சொல்வாள் என எதிர்பார்த்தான். அவள் குழந்தையை அவன் மடியில்தான் வைத்தாள். அவனே மாலையை அந்தச் சின்னக் கழுத்தில் போட்டான். காது குத்தியதும் குழந்தை வீறிட்டு அழுது அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. தலை நிமிர்த்த முடியாமல், கழுத்தில் கிடந்த காசுகளையும் பார்க்க முடியாமல், அவன் அந்தப் பிஞ்சு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது தங்கவேலின் கையைப் பிடித்தான். "மாப்ள, மனசுல வெச்சுக்காதீங்க."

"அட, சாப்புட்டீங்களா மொதல்ல?" தங்கவேல் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

சாருலதா கார்வரைக்கும் வந்தாள். "பின்னாடி பலகாரம் வெச்சுத் திரைய இழுத்து விட்டிருக்கறண்ணா. அண்ணிகிட்டக் குடுத்துருங்க."

பல்லடம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தினான். வெயில் சாய்ந்திருந்தது. ஒரு முறுக்கு கடித்தால் தேவலை போலிருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தான்.

காலி.

வைக்க மறந்துவிட்டாளா? இல்லை, மனம் கசந்து வைக்காமலே விட்டாளா? அப்படி இருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது. கதவைத் தூக்கித் திரைக்கு அடியில் கையை நீட்டினான். மணிக்கட்டுக்குக் கீழே கை காணாமல் போனது. வெறும் தரைதான் தெரிந்தது. ஆனால் விரல்கள் எவர்சில்வர் தூக்குப்பாத்திரத்தைத் தொட்டன, இன்னும் சூடு ஆறவில்லை. அதன் பக்கத்தில் வெல்வெட் உறையிட்ட ஒரு சின்னப் பெட்டி. இத்தனை வருடங்கள் திறந்து திறந்து மூடியதால் அதன் மூடியின் தேய்ந்த மூலை அவன் கட்டைவிரலுக்குப் பழக்கமானது.

தங்கை மாலையைக் கழற்றி அவனுக்கே வைத்திருக்கிறாள்.

வண்டியைத் திருப்ப வேண்டும், இப்போதே திருப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். அது இன்னும் வெறும் தரையைத்தான் காட்டியது. கண்ணை மூடித் திறந்தான். வெறும் தரைதான். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கை, பெட்டியை இறுகப் பிடித்திருந்தது.