மூடறைக்கு வெளியே அரை நிமிடம்

காலை ஆறரைக்கு எங்கள் அடுக்களைச் சுவரில் இருக்கும் நலச்செவி கேட்கும்: "ஜெசிந்தா, இன்று மனம் எப்படி இருக்கிறது?" தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே "நல்லா இருக்கேன்" என்பேன். அந்த நேரத்துக்குத் தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் எல்லாரும் நல்லாத்தான் இருப்பார்கள். வேறு மாதிரி சொல்ல யாருக்கென்ன பைத்தியமா?

அரசு இந்த நலச்செவிக் கருவியை மாட்டி இருபது வருடமாகிறது. வீடு, பேருந்து, மாடிப்படி என்று ஒரு இடம் பாக்கியில்லை. அது சொல்லை மட்டும்தான் பிடிக்கும்; குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்துவிட்டது. அதனால் ஆகாத வார்த்தை எதையாவது கேட்டால் "சொன்னது யார்?" என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் காத்திருக்கும். ஒருவர் ஒத்துக்கொண்டால் அவரோடு போய்விடும்; யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கே நின்ற எல்லார் வீட்டுக்கும் நல அலுவலர்கள் வருவார்கள். பிள்ளை இருக்கிற வீடென்றால் முதல் வேலையாகப் பிள்ளையைத் தொண்ணூறு நாள் காப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள்.

என் மகள் மெர்லினுக்கு மூன்று வயது. அவள் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார். ஐந்து மாதமாக என் மண்டைக்குள் ஒரு நினைப்பு குடைந்துகொண்டே இருந்தது. அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லாவிட்டால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். அரசு இலவசமாகத் தரும் மனத்துணை இயந்திரத்திடம் சொன்னால் அது நேராக நல அலுவலகத்துக்குத்தான் போகும். மிச்சமிருந்த ஒரே வழி தனியார் ஆலோசகர். அவர்களுடைய மூடறைக்குள் மட்டும் செவி கிடையாது.

ஷமீமா மேடத்தின் மூடறை கடற்கரைச் சாலையில், மூன்றாவது மாடியில் இருந்தது. போவதற்கு முன் அவருடைய உரிம எண்ணை நான்கு முறை சரிபார்த்தேன். வராந்தாவில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"தொடங்குறதுக்கு முன்னாடி சிலது நீங்க தெரிஞ்சுக்கிடணும்," என்றார் மேடம். "இங்க சொல்றது உங்களோடது. போலீஸ் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். வெளிய சொன்னேன்னா என் உரிமம் போயிரும், ஆயுசுக்கும் திரும்ப வராது. ஒரு உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

"எனக்கு உங்களோட ஒத்துவரலன்னா?"

"வேற ஆளப் பாருங்க. நானே பேரு தாரேன், கோவிச்சுக்கிட மாட்டேன்."

"எத்தன நாள்ல சரியாவும்?"

"தெரியாதும்மா. தெரியும்னு சொல்றவங்ககிட்ட போவாதீங்க." பிறகு கதவைக் காட்டினார். "இந்த நிலைப்படியோட என் பாதுகாப்பு முடிஞ்சிரும். அந்தப் பக்கம் செவி இருக்கு. மறந்துராதீங்க."

இது கூடவா எனக்குத் தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

ஐம்பது நிமிடம் பேசினேன். மாமியாரைப் பற்றி, தூக்கம் வராததைப் பற்றி, கப்பலில் இருந்து அவர் பேசும்போது வருகிற எரிச்சலைப் பற்றி. எதற்காக வந்தேனோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கொட்டினேன். மேடம் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பொறுமையே எனக்குப் பயமாக இருந்தது.

நேரம் முடிந்து எழுந்தேன். வழியனுப்ப மேடமும் நிலைப்படி வரை வந்தார். நம் ஊரில் விடைபெறுவது என்ன சட்டென்று முடிகிற காரியமா? உள்ளே பேசியதைவிட வாசலில் நின்று பேசுவதுதான் அதிகமாக இருக்கும். வெளியே வந்து செருப்பு வாரை மாட்டக் குனிந்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒண்ணு விட்டுப்போச்சு. பிள்ளைய பஸ் ஸ்டாண்டுல உக்கார வச்சிட்டு எங்கயாவது ஓடிருவோமான்னு தெனமும் தோணுது."

சொல்லி முடித்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. சுவரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"சொன்னது யார்?"

மெர்லின் காப்பகக் கட்டிலில் உட்கார்ந்து என்னைத் தேடுவது கண்ணுக்குத் தெரிந்தது. மேடம் என்னைப் பார்த்தார். பிறகு நிலைப்படியைத் தாண்டி வராந்தாவுக்கு வந்தார்.

"நான்தான்," என்றார். "நான் இங்க ஆலோசகர். எங்கிட்ட வந்தவங்க உள்ள சொன்னத வெளிய சொல்லிட்டேன்."

"அந்த நபரின் பெயர்?"

"அதக் கேக்க உனக்கு உரிமை கிடையாது."

விளக்கு அணைய இன்னும் பத்து நொடியாவது இருந்திருக்கும். 'இல்லை, சொன்னது நான்தான்' என்று சொல்ல அது தாராளம். நான் சொல்லவில்லை. மேடம் கையசைத்து என்னைப் போகச் சொன்னார். நான் போய்விட்டேன்.

அடுத்த வாரம் தெருமுனைத் திரையில் அவருடைய படம் வந்தது. நம்பி வந்தவரின் ரகசியத்தை வெளியிட்ட ஆலோசகர், உரிமம் நிரந்தர ரத்து என்று கீழே ஓடியது. எதிர்வீட்டு ரெஜினா அக்கா என் தோளைத் தொட்டார்.

"பாத்தியா ஜெசி, நம்பிப் போனவளக் காட்டிக்கொடுத்திருக்கா. இவளெல்லாம் ஒரு மனுசியா? நல்லவேள, நீ இவகிட்டலாம் போகல."

மெர்லின் என் இடுப்பில் இருந்தாள்.

"ஆமாக்கா," என்றேன்.