பன்னிரண்டாவது வாரத்து அளவு

அளவு தப்பாக வந்தது. அவள் வெர்னியர் அளவுகோலைத் துடைத்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அதேதான். மேல்வரிசைப் பல்லுக்கும் கீழ்வரிசைப் பல்லுக்கும் நடுவே முக்கால் மில்லிமீட்டர்.

பல் அச்செடுக்கும் பசைகளையும், அந்த அச்சில் ஊற்றி வார்க்கிற ஸ்டோன் பொடியையும் சோதிக்கும் கூடம் அது. எது எவ்வளவு சுருங்குகிறது, எத்தனை நிமிடத்தில் இறுகுகிறது என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. ஸ்டோன் இறுகும்போது சுடும், துளி விரியும். ஆறிவிட்டால் அப்புறம் அது வெறும் கல். மேலும் கீழும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்ட இந்தக் கல் வாயைப் பதினோரு வெள்ளிக்கிழமை அளந்திருக்கிறாள். ஒரு தடவைகூட அது திறந்ததில்லை.

அவள் கணவனின் வாய்.

மூன்று மாதத்துக்கு முன்னால் சோதனைக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்தவன், தானே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"வீட்ல வாயை மூடுங்கறா, ஆபீஸ்ல வாயைத் திறங்கறா. நான் என்னதாங்க பண்றது?"

கூடமே சிரித்தது. எதையும் பத்துத் தடவை அளப்பதால் 'மில்லிமீட்டர்' என்று பேர் வாங்கிய மேலதிகாரி அம்மாகூடச் சிரித்தார்.

போன மாதம் ஒரு காலையில், ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. செருப்பை மாட்டிக்கொண்டே அவன் ஏதோ சொல்ல வந்தான். "போதும், வாயை மூடுங்க" என்றாள். மூடிக்கொண்டான். ஸ்கூட்டரில் போனவன் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோதும் அந்த வாய் மூடித்தான் இருந்தது. என்ன சொல்ல வந்தான்? சோற்றில் கை வைத்தால் அதுதான், கண்ணை மூடினால் அதுதான்.

"இன்னும் கிளம்பலையாம்மா?" மில்லிமீட்டர் குடையோடு நின்றார்.

"நடுவுல இடைவெளி வந்திருக்கு மேடம்."

"ரப்பர் பேண்ட் தளர்ந்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் படு. கல்லு எங்க ஓடிடப் போகுது?"

ரப்பர் பேண்ட் தளரவில்லை. இழுபட்டு வெளுத்திருந்தது.

அவர் போன பிறகு கூடத்தில் மழைச் சத்தமும், வெந்நீர்த் தொட்டியின் முனகலும், ஈரச் சுண்ணாம்பு வாசனையும் மட்டும் மிச்சமிருந்தன. அந்த வாசனைக்கு அடியிலிருந்து, ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும்போதே, அவனுடைய ஷேவிங் சோப்பின் வாசனை மெல்ல மெல்ல மேலே ஏறி வந்து அவள் பக்கத்தில் நின்றது. அவன் வண்டியோடு வாசலுக்கு வருகிற ஐந்தரை மணி.

வார்ப்பைக் கையில் எடுத்தாள். சூடாக இருந்தது. வெப்பமானியை ஒட்டிப் பார்த்தாள். முப்பத்தேழு டிகிரி. கல்லின் சூடு இல்லை அது. காய்ச்சல் இல்லாத ஓர் உடம்பின் சூடு.

ரப்பர் பேண்ட் பட்டென்று அறுந்தது.

வாய் ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அந்த இருட்டில் ஏதோ அசைந்தது.

"சொல்லுங்க," என்றாள். "சத்தியமா குறுக்கே பேச மாட்டேன். சொல்லுங்க."

சத்தம் வரவில்லை. கல்லுக்கு ஏது குரல்? ஆனால் வார்த்தைக்கும் ஒரு வடிவம் உண்டே. வடிவத்தைப் பிடிப்பதுதானே அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை. இளஞ்சிவப்புப் பசைப் பொடியில் தண்ணீர் விட்டாள். வேகவேகமாகக் குழைத்தாள். கரண்டி கரண்டியாக உள்ளே திணித்தாள். நிரம்பி வெளியே வழிந்தது.

இறுகும்வரை வாய் அசையக் கூடாது. இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாள்.

"மூணே நிமிஷம். பொறுத்துக்கங்க."

உள்ளங்கைக்குள் ஒரு முட்டல். இன்னொன்று. அவள் இன்னும் அழுத்தினாள். மறுபடி முட்டல். வேகமாக. அசையக் கூடாது. அழுத்தினாள்.

நின்றுவிட்டது.

கண்ணாடிக் குச்சியால் தொட்டாள். ஒட்டவில்லை. இறுகிவிட்டது. வார்ப்பைப் பிரித்தாள். கல் ஜில்லென்று இருந்தது.

அச்சை விளக்கடியில் வைத்தாள். நடுவே ஒரு நாக்கின் பள்ளம். ஸ்டோன் வார்ப்பில் நாக்கே கிடையாது. எந்த வார்த்தைக்காகவும் வளையாத நாக்கு. பசையை வெளியே தள்ளப் பார்த்த நாக்கு.

அதன் பின்னால் குமிழிகள். குழைக்கும்போது விழும் குமிழிகள் சிதறிக் கிடக்கும். இவை வரிசையாக இருந்தன. தொண்டையிலிருந்து பல்வரை. முதலில் பெரியவை. பிறகு சின்னவை. பிறகு மிகச் சின்னவை.

வெளிப்பக்கம், வழிந்து இறுகிய பசையில், அவளுடைய பத்து விரல் தடங்கள். வாயை மூடிப் பிடித்தபடி.

பல் ஓரத்தில் கடுகளவாய் நின்ற கடைசிக் குமிழி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்தது. கன்னத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது ஒரு மூச்சு.