பட்டாளத்தாரின் பதக்கம்

காலை ஏழரை மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கும்போது, பதக்கம் காணாமல் போனது தெரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் திருடியையும் பிடித்து வைத்திருந்தார்கள்.

நாற்பது வயதுப் பெண். கூடத்துத் தரையில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது.

"யார் அடிச்சது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"திருடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியுது. அடிச்சது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியல. நல்ல வீடு."

வீட்டுக்காரர் முன்னால் வந்தார். வியாபாரிகள் சங்கத் தலைவர். சொந்தப் பெண்டாட்டியே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவாள்; அப்படிப் பழக்கி வைத்திருந்தார்.

"எங்க கொள்ளுத்தாத்தா பதக்கம், மேடம். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துல வாங்கினது. பத்து மணிக்கு மியூசியத்து அதிகாரி வர்றாரு, அவர் கையில ஒப்படைக்கணும். சாயங்காலம் சிலை திறப்பு. காலையில பாத்தா அலமாரித் தாழ்ப்பாளை நெம்பியிருக்கு. இவ பையில ரிப்பன் மட்டும் கிடைக்குது. கம்ப்ளைன்ட் எழுதி வச்சிருக்கேன், நீங்க கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போனாப் போதும்."

"எனக்கும் சேத்து வேலை பாத்துட்டீங்க."

சுவரோரம் கண்ணாடி அலமாரி. கண்ணாடி முழுசாக இருந்தது. தாழ்ப்பாள் மட்டும் நெம்பப்பட்டிருந்தது. சாவி ஒன்றுதான், அதுவும் தலைவரின் இடுப்பில்.

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"ராத்திரி படுக்கப் போகும்போது. போன வாரம் அழைப்பிதழுக்காக நானே ஸ்டூடியோவுக்குக் கொண்டு போய்ப் படம் எடுத்தேன். வேற யார் கையிலயும் கொடுக்கல. பாருங்க."

வழுவழுப்பான அட்டையை நீட்டினார். முன்பக்கம் வாள் ஏந்திய பட்டாளத்தார் சிலை. அதற்குக் கீழே, சிலையைவிடப் பெரிதாக, தலைவர். பின்பக்கம் பதக்கம்: சீவி விட்ட தாடியும் கிளி மூக்குமாக ஒரு ராஜா, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரின் அம்மா கல்குவாரியில் ஜல்லி சுமந்தவள். ஒருநாள் மேஸ்திரியின் கைக்கடிகாரம் காணவில்லை என்று பெண்களை வரிசையில் நிறுத்தி மடியை உதறச் சொன்னார்கள். சாயங்காலம் அது மேஸ்திரியின் சட்டைப் பையிலேயே அகப்பட்டது. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் குவாரியில் கிடையாது. மறுநாளும் அம்மா அதே மேஸ்திரிக்குத்தான் ஜல்லி சுமந்தாள்.

அதனால் இன்ஸ்பெக்டர் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, தரையில் அந்தப் பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நீ இவங்களுக்கு என்ன வேணும்மா?"

"தங்கச்சி முறை. பட்டாளத்தாருக்கு ஒரு மகன், ஒரு மகள். அண்ணன் அந்த மகன் வழி. நான் மகள் வழி, நாலாம் தலைமுறை."

"சம்பளம்?"

"சொந்தக்காரிக்கு என்ன சம்பளம்னு அண்ணன் சொல்லிட்டாரு."

"சாயங்கால விருந்துக்குக் கூப்பிட்டாங்களா?"

"பாத்திரம் கழுவக் கூப்பிட்டாங்க."

"பதக்கத்தை நீதான் துடைப்பியா?"

"எங்கம்மா துடைச்சாங்க, அப்புறம் நான். ஆனா ரெண்டு மாசமா அண்ணன் அலமாரியைப் பூட்டிட்டாரு. நீ கிட்டயே போகாதேன்னுட்டாரு."

"அப்போ கறுத்துப் போயிருக்குமே. வெள்ளியாச்சே."

அவள் யோசித்தாள். "இல்லம்மா. எனக்கே அதிசயம். முன்னல்லாம் ஒரு வாரம் விட்டாலே மங்கிடும். இந்த ரெண்டு மாசமா தூரத்துல இருந்து பாத்தாலே கண்ணாடிக்குள்ள தகதகன்னு நின்னுச்சு."

"ரிப்பன் எப்படி உன் பைக்குள்ள வந்துச்சு?"

"பை அடுப்படி ஆணியில தொங்குது. யார் வேணா எதை வேணா போடலாம். எனக்கு ஒரு மக இருக்கா, நர்ஸ் வேலைக்கு எடுத்திருக்காங்க. ஆத்தாக்காரி மேல கேஸ்னா அவளைச் சேப்பாங்களா?" அழவில்லை, கேள்வியாகத்தான் கேட்டாள். "வீட்டுல அத்தனை வெள்ளி இருக்கும்போது, அந்தப் பதக்கத்தைத் தேடியா நான் திருடப் போறேன்?"

எட்டரை மணி. தலைவரின் தம்பி வாசலில் லாரி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் வேலை, முந்தின நாள்தான் நெடும்பயணம் முடிந்து வந்திருந்தார்.

"உங்க கொள்ளுத்தாத்தா பெரிய வீரராமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வாளைப் பாத்தீங்களா? எங்க அண்ணன் கொடுத்த வாள் அது." டிரைவர் காறித் துப்பினார். "பட்டாளத்துல அவருக்குக் கொடுத்தது மண்வெட்டி, மேடம். கடல் தாண்டிப் போய்ப் பள்ளம் தோண்டினாரு, பொணம் தூக்கினாரு. விஷப் புகை நெஞ்சைப் பொசுக்கிடுச்சு. திரும்பி வந்து இருமி இருமியே பின்கட்டுல செத்தாரு. அப்புறம் தபால்ல பதக்கம் வருது. பென்ஷன் கேட்டுப் போனா, சண்டையில செத்தவனுக்குத்தான், வீட்டுல செத்தவனுக்கு இல்லன்னுட்டான்."

"பிள்ளைங்க?"

"கொள்ளுப்பாட்டி ரோட்டுக்குக் கல் உடைச்சு வளத்தா. பொழுது சாஞ்சு வீட்டுக்கு வந்ததும் சாம்பலை அள்ளிப் பதக்கத்தைத் தேய்க்க உக்காந்துடுவாளாம். பளபளப்புக்கா? கோவத்துக்கு. ராஜா மூக்கை அறுத்துட்டுத்தான் விட்டா. அவ மகளும் தேய்ச்சா, பேத்தியும் தேய்ச்சா. எங்க வீட்டு ஆம்பளைங்க அதைப் பெட்டியில வச்சுப் பெருமை பேசுனதோட சரி."

"அழைப்பிதழ் பாத்தீங்களா?"

"அதுல என் பேரு இல்லையே. நான் எதுக்குப் பாக்கணும்?"

இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கூப்பிட்டார். "கடைத்தெருவுல பழம்பொருள் கடை எத்தனை இருக்கு?"

"ஒண்ணுதான் மேடம்."

"கடை திறக்கறப்போ நீங்க வாசல்ல நிக்கணும்." காதோடு மீதியைச் சொன்னார்.

ஒன்பதரை மணிக்குக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதிகாரி வந்துடுவாரு. இவளை முதல்ல வெளியே கொண்டு போங்க மேடம், அசிங்கமா இருக்கு."

இன்ஸ்பெக்டர் அட்டையை எடுத்து டிரைவரிடம் கொடுத்தார். "பின்பக்கம் பாருங்க. என்ன தெரியுது?"

"பதக்கம்." டிரைவர் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனார். தள்ளிப் பிடித்தார். "மூக்கு இருக்கே. அண்ணே, இது நம்மளது இல்லையே."

தலைவர் அட்டையைப் பிடுங்கப் பார்த்தார்.

"நாலு தலைமுறைப் பொம்பளைங்க தேய்ச்சு அழிச்ச மூக்கு போன வாரம் எப்படி முளைச்சுது?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஸ்டூடியோவுக்கு நீங்களே கொண்டு போனீங்க, வேற யார் கையிலயும் கொடுக்கல. நீங்களே சொன்னது. அப்போ போன வாரமே இந்த வீட்டுல இருந்தது போலி. வெள்ளியா இருந்தா ரெண்டு மாசத்துல கறுத்திருக்கும். முலாம் பூசின தகரம் தகதகன்னு நிக்குது. ரெண்டு மாசத்துக்கு முன்னால அசலை வித்தீங்க. இவ கையில எடுத்தா மாத்தினது தெரிஞ்சிடும்னு பூட்டுனீங்க. மியூசியத்துக்காரர் பாத்த உடனே பல்லிளிச்சிடும்னு இன்னிக்குக் காலையில போலியையும் ஒளிச்சுட்டு, நெம்பித் திறந்து, ரிப்பனை இவ பையில போட்டீங்க. சாவி வச்சிருக்கற நீங்க நெம்ப வேண்டியதில்லைன்னு எல்லாரும் நினைப்பாங்கன்னு கணக்கு."

"நல்ல காரியத்துக்குத்தான் மேடம். சிலை வைக்கத்தான்…"

"தாத்தாவை வித்துத் தாத்தாவுக்கே சிலை. அதுல உங்க படம் பெரிசா. அதுக்கு ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போகணும், அவ மக வேலை போகணும்." இன்ஸ்பெக்டர் எழுந்தார். "அடிச்சது யாருன்னு இப்போ யாருக்காவது ஞாபகம் வருதா?"

தலைவரின் மனைவி புருஷனைப் பார்த்து விரலை நீட்டினாள். "இவருதான்," என்றாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தலைவர் என்று சொல்லவில்லை.

மியூசியத்து அதிகாரியும் ஏட்டும் ஒன்றாகத்தான் வாசலுக்கு வந்தார்கள். ஏட்டின் கையில் பழம்பொருள் கடையிலிருந்து வாங்கி வந்த காகிதப் பொட்டலம்.

"பயப்படாம எழுந்திரும்மா," என்றார் இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணிடம். "இது உங்க சாமானான்னு பாத்துச் சொல்லு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கட்டை விரலால் ஒரு தடவு தடவினாள். "எங்களதுதாம்மா."

அதிகாரி எட்டிப் பார்த்தார். மூக்கில்லை, கண்ணில்லை, வாயில்லை. கூழாங்கல் போல வழவழவென்று ஒரு முகம். "அடடா. இப்படிப் பாழாக்கிட்டாங்களே. ஒண்ணுமே மிச்சமில்லை."

"காது இருக்கு சார்," என்றாள் அவள். விளிம்போரம் சின்னதாக, தெளிவாக, அது இருந்தது. "எங்கம்மா தேய்க்கும்போதும் அங்க கை வைக்க மாட்டா. அதை விட்டுடு, அவன் கேக்கட்டும்னு கொள்ளுப்பாட்டி சொல்லிட்டுப் போயிருக்கா."