ஏழாம் கொக்கி

சின்னவள் வந்து இறங்கிய அன்று காற்று அவள் குடையைப் பிடுங்கிக்கொண்டு போனது. எங்கள் முனைக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல் நாள் நடப்பதுதான். சிலர் அழுவார்கள், சிலர் கூட்டி வந்தவரைத் திட்டுவார்கள். இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பாறைக்குப் பாறை மோதிக் கடலில் விழுந்த குடையைப் பார்த்துச் சிரித்தாள். பெரியவளுக்கு அந்தச் சிரிப்பு அப்போதே பிடிக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் மாடி ஜன்னலில் இருந்தேன். எப்போதும் அங்கேதான் இருப்பேன்.

பெரியவள், கடல் பக்கத்துக் கேட்டைப் பூட்டித் திறக்கிற கேட்டுக்காரரின் மனைவி. சின்னவள் அவருடைய தம்பி பெண்டாட்டி. ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே கூரை, ஒரே அடுப்பு. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எங்கள் முனை கடலுக்குள் நீட்டிய ஒரு கருங்கல் மூக்கு. அதைச் சுற்றி ஆறு திட்டுகள். ஐந்தில் பறவை எச்சத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பெரிய திட்டில் மட்டும் மழையும் காற்றும் அளக்கிற கருவிகளும், ஒதுங்க ஒரு கல் குடிசையும் உண்டு. நீர் வற்றும்போது முனைக்கும் அந்தத் திட்டுக்கும் நடுவே ஒரு பாறை வரப்பு தலை தூக்கும். இரண்டு மணி நேரம்தான். அப்புறம் நீர் ஏறும். இறங்கும்போது நடந்து போகிற கடல், ஏறும்போது ஓடி வரும்.

வரப்பிலிருந்து மேலே வர ஒரே வழி, செங்குத்துப் பாறையில் வெட்டிய படிகள். படிகளின் அடியில், இரண்டு பாறைகளுக்கு நடுவில், நீர் ஏறும்போது யாரும் இறங்கிவிடாமல் இருக்க, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இரும்பு கேட். படிகளின் உச்சியில், என் ஜன்னலுக்கு நேர் கீழே, ஒரு மரப்பலகை. அதில் வரிசையாகக் கொக்கிகள்.

இறங்குகிறவர் தன் எண் போட்ட பித்தளை வில்லையைத் தன் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஏறி வந்ததும் தானே கழற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் வில்லையை இன்னொருவர் தொடக்கூடாது, புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் சரி. ஒரு வில்லை தொங்கினாலும் கேட்டுக்காரர் பூட்டமாட்டார். சங்கு ஊதுவார், படகை அனுப்புவார். பலகை காலியாக இருந்தால் எல்லோரும் திரும்பிவிட்டார்கள் என்று அர்த்தம். இறங்கிப் போய்ப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவார். அவர் ஆளை எண்ணி நான் பார்த்ததில்லை. பலகையைத்தான் நம்புவார்.

திட்டுக்குப் போய்க் கருவிகளைப் பார்த்துக் குறித்து வருகிற வேலைக்குப் பெரியவள் ஆறு வருடமாக நடையாய் நடந்தாள். வானிலை அலுவலகம் அதைச் சின்னவளுக்குக் கொடுத்தது. வந்து மூன்றே மாதம். அன்றிலிருந்து அந்த வீட்டில் பாத்திரங்கள் வைக்கப்படவில்லை, எறியப்பட்டன.

எனக்கும் அவள்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒருநாள் வில்லையை மாட்டும்போது, நாலு பேர் நிற்க, நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "என்னக்கா, இன்னைக்கு யார் வீட்ல என்ன குழம்புன்னு எழுதியாச்சா?"

நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

அது நடந்தது ஒரு பட்டப்பகல். சின்னவள் ஏழாம் கொக்கியில் வில்லையை மாட்டிவிட்டு இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் பெரியவள் ஈரத்துணிக் கூடையோடு வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். மேலே பார்க்கவில்லை. வில்லையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு துணி உலர்த்தப் போய்விட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டைப் பூட்டிவிடுவார்கள், சின்னவள் ஓர் இரவு குடிசையில் கிடந்து நடுங்குவாள், நேரம் தவறியதற்கு வேலையும் போகும். நல்லா வேணும் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்வதற்கு என்ன.

ஆனால் சின்னவள் நேரம் தவறவில்லை. கேட்டுக்காரர்தான் காலிப் பலகையைப் பார்த்து முக்கால் மணி நேரம் முன்னதாகப் பூட்டிவிட்டார். அவள் வரப்பைக் கடந்து கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது, பின்னால் வரப்பு முழுகிவிட்டது.

கேட்டுக்காரர் வீடு தள்ளி இருக்கிறது. என் வீடு அப்படியில்லை.

டணங்.

சற்று நேரம் கழித்து மறுபடி, டணங்.

காற்று என்று சொல்லிக்கொண்டேன். காற்று இப்படி இடைவெளி விட்டுத் தட்டுமா என்று யோசிக்கவில்லை.

"அக்கா" என்று ஒரு குரல். அவள் பெரியவளையும் அக்கா என்பாள், என்னையும் அக்கா என்பாள். பெரியவளைக் கூப்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன்.

நீர் இறங்கியதும் கண்டுபிடித்தார்கள். பத்து விரல்களும் கம்பியைச் சுற்றி இறுகியிருந்தன. கேட்டுக்காரர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். வந்தவள் எதையோ மறந்துவிட்டு, வில்லை மாட்டாமல் மறுபடி இறங்கியிருக்கிறாள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். தம்பி ஊரை விட்டே போனான். பெரியவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். அழுது முடித்து, மூன்றாம் நாள் அந்த வில்லையைப் பாறை உச்சியிலிருந்து கடலில் வீசினாள். அதையும் பார்த்தேன்.

மாதம் திரும்புவதற்குள் வேலை அவளுக்கு வந்தது.

முதல் நாள் எட்டாம் கொக்கியில் தன் வில்லையை மாட்டிவிட்டு ராணி மாதிரி இறங்கினாள். ஏறி வந்தபோது பக்கத்துக் கொக்கியிலும் ஒரு வில்லை தொங்கியது. ஏழு. அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விதி விதிதானே. கேட்டுக்காரர் சங்கு ஊதினார், படகு போனது, வெறுமனே திரும்பியது. வில்லையைக் கழற்றி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மறுநாளும் தொங்கியது. அதற்கு மறுநாளும். அழுகிய கடற்பாசி வாடை என் ஜன்னல் வரை ஏறியது. படகுக்காரர்கள் சலித்துப்போய் அலுவலகத்துக்கு எழுதிப்போட, ஓர் அதிகாரி வந்து, யாரோ விளையாடுகிறார்கள் என்று கத்திவிட்டு, ஏழாம் கொக்கியைக் குறட்டால் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினார்கள்.

மறுநாள் கொக்கி இல்லாத இடத்தில் வில்லை தொங்கியது.

பெரியவள் இளைத்துப்போனாள். இவ்வளவு அடித்துப் பிடித்து வாங்கிய வேலையை விட்டால் ஏன் என்று கேட்பார்களே, அதனால் விடவும் முடியவில்லை. ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அது கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுக்கா" என்றாள் மெதுவாக. "நான் வந்தா ஒதுங்கி வழி விடுது. சிரிக்குது."

ஆறிப்போன தேநீரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க ஜன்னல்ல இருந்தீங்களா?"

"தலைவலின்னு படுத்துட்டேம்மா."

அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. அதற்காகவே இன்னொரு முறை சொல்லலாம் போல இருந்தது.

பத்து நாள் போயிருக்கும். பகல் பதினொரு மணிக்கே மூடுபனி. திட்டுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. பலகையில் இரண்டு வில்லைகள், ஏழும் எட்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிகளின் மேல் ஈரக்கால் தடம் ஒன்று விழுந்தது.

அடுத்தது, அதற்கு மேல் படியில்.

ஆள் இல்லை. தடம் மட்டும் நிதானமாக ஏறிப் பலகைக்கு முன்னால் வந்து நின்றது. எட்டாம் வில்லை கொக்கியிலிருந்து மெல்ல எழுந்தது, காதிலிருந்து தோட்டைக் கழற்றுகிற மாதிரி. அப்புறம் ஏழும்.

பலகை காலி.

கேட்டுக்காரர் வந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு காலிப் பலகையைப் பார்க்கிறார். மனிதரின் தோள்களே இறங்கிவிட்டன. ஆனாலும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். முதல் முறையாக, பலகையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ வந்துட்டாளாக்கா? பார்த்தீங்களா?"

ஒரே ஒரு சொல் போதும். வாயைத் திறந்தேன்.

ஈரத்தடங்கள் பலகையிலிருந்து என் பக்கம் திரும்பியிருந்தன. கால்விரல்கள் என் ஜன்னலை நோக்கி இருந்தன. ஆள் இல்லாத இடத்திலிருந்து யாரோ என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பது தெரிந்தது.

"வந்துட்டாப்பா" என்றேன். "இப்பதான் வீட்டுக்குப் போனா."

அவர் இறங்கிப் போய்ப் பூட்டினார்.

டணங்.

"அக்கா." இந்த முறை பெரியவளின் குரல். கூடவே, குடை போனதற்குச் சிரித்த அதே சிரிப்பு.

நான் ஜன்னலைச் சாத்தினேன். கை பழகியிருந்தது.

இப்போது கேட்டுக்காரர் இல்லை. இரண்டாவது முறை பத்து விரல்களைப் பிரித்த பிறகு அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை, எங்கேயோ வைத்திருக்கிறார்கள். கேட்டை இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். திட்டுக்கு யாரும் போவதில்லை. பலகை மட்டும் இருக்கிறது, கழற்ற ஆள் வரவில்லை.

எனக்கும் ஒரு வில்லை உண்டு, நான்கு. முழங்கால் வலி வந்ததிலிருந்து அதைத் தொட்டதில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தூசி படிந்து கிடந்தது. இன்று காலை ஆணியில் இல்லை.

ஜன்னலுக்குப் போனேன். பலகையில், நாலாம் கொக்கியில், நீர் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாசலைக்கூடத் தாண்டவில்லை. காலையிலிருந்து கண் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அடுப்பில் பால் பொங்கியது. ஓடிப்போய் இறக்கி வைத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

கடற்பாசி வாடை இப்போது ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. மாடிப்படிப் பக்கமிருந்து வருகிறது.

கீழே கதவை யாரோ தட்டுகிறார்கள். இடைவெளி விட்டு, பொறுமையாக. ஒருவர் தட்டி முடித்ததும் இன்னொருவர்.

பலகையைப் பார்க்கிறேன். காலியாக இருக்கிறது.

அப்படியென்றால் எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.