மூன்று முறை நீண்ட கை

காலை எட்டரை மணி. கல்லூரி ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியைப் பேராசிரியை திறந்தார். பூட்டு உடையவில்லை. கண்ணாடியில் ஒரு கீறல் கூட இல்லை. இறுதிச்சுற்றுக்கு வந்த ஐந்து அணிகளின் கைபேசிகளும் முந்தின நாள் மாலை வைத்தது வைத்தபடியே இருந்தன.

நான்கு கைபேசிகள் ஒழுங்காக விழித்துக்கொண்டன. ஐந்தாவதில் திரை எரிந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

அது, வீட்டில் எல்லாரும் சின்னவள் என்று கூப்பிடும் மாணவியுடையது. வாரக்கணக்கில் சேர்த்த பதிவுகள் துடைத்துவிட்ட பலகை போலக் காணாமல் போயிருந்தன. நண்பகலில் நடுவர்கள் வந்துவிடுவார்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் போட்டியே இல்லை. ஜெயித்தால் கிடைக்கக்கூடிய வெளிநாட்டுப் பயணமும் இல்லை.

கைபேசி வழியாக இரண்டு பண்பாடுகளை இணைக்க வேண்டும் என்பதுதான் போட்டி. ஒவ்வொரு அணிக்கும் வேறொரு நாட்டு மாணவர் கூட்டாளி. சின்னவள் செய்த செயலியில் பேச்சு கிடையாது, எழுத்து கிடையாது, முகமும் கிடையாது. கேமரா முன் கையைக் காட்டினால் எதிர்ப்பக்கத்தில் அது வெறும் கோட்டோவியமாக அசையும். நிறம், வயது, மோதிரம், ஆணா பெண்ணா எதுவும் தெரியாது. முடிச்சு போடுவது, துணி மடிப்பது, விரல்விட்டு எண்ணுவது என்று கைகள் மட்டுமே பேசிக்கொள்ளும். அதற்கு அவள் வைத்த பெயர் 'கோட்டுக் கை'. அவளுடைய கூட்டாளி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மாணவன். சின்னவளின் வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் அக்கரைக்காரன்.

சின்னவள் முதலில் அழுதாள். பிறகு அம்மாவின் தங்கைக்குப் போன் செய்தாள். சித்தி காவல்துறை ஆய்வாளர். அன்று அவளுக்கு விடுமுறை. தலையில் எண்ணெய் வைத்த கோலத்திலேயே வந்து நின்றாள்.

அலமாரியின் பூட்டைப் பார்த்தாள். சாவி இரவெல்லாம் பேராசிரியையின் கைப்பையில் இருந்தது. வாசலில் காவலாளி இருந்தான். ஆய்வகத்தில் கூடியிருந்த எல்லாருடைய பார்வையும் ஒரே ஆள் மேல் இருந்தது: ராக்கெட். எந்த வேலையையும் ஓடிக்கொண்டே செய்கிறவன் என்பதால் வந்த பெயர். இதுவரை நடந்த சுற்று ஒவ்வொன்றிலும் சின்னவளுக்கு அடுத்த இடம் அவனுக்கு.

சித்தி அவனிடம் போனபோது வாய் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இறுதிச்சுற்றில் மொத்தம் எத்தனை அணி என்று கேட்டாள். விழுங்க முடியாமல் ஐந்து விரலை விரித்துக் காட்டினான். உள்ளங்கை நடுவே பேனா மை.

"பொறாமையா இருக்கா தம்பி?"

"இருக்கு மேடம். இல்லைன்னா பொய். அவ பேரைக் கேட்டாலே வயிறு எரியும்." மூடியைத் திருகினான். "ஆனா அவளை மேடையில வச்சு ஜெயிக்கணும். அவ வராத போட்டியில கோப்பை வாங்கினா, ஆள் இல்லாத டீக்கடையில டீ ஆத்தின கதைதான்."

சித்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேராசிரியை அக்கரைக்காரனின் கல்லூரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். சித்தி எட்டிப் பார்க்கவும், இன்னும் ஐந்து நிமிடம் என்று விரல்களைக் கண்ணாடியில் பதித்தார். வெள்ளை வெளேரென்று ஒரு கை.

வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

பதிவுகளை அழித்தது அக்கரைக்காரன்தானாம். செயலியின் விதி அப்படி: பதிவு இருவருக்கும் சொந்தம், ஒருவர் விலகினால் இரண்டு பக்கமும் மறைந்துவிடும். அவன் நேற்றிரவு விலகிவிட்டான். ஒரு நாளுக்குள் அவனே மனம் மாறினால் எல்லாம் திரும்பி வரும். ஆனால் அவன் மனம் மாறுவதாக இல்லை. நேற்று மதியம் இங்கிருந்து அவனுக்கு ஒரு கோட்டுக் கை போயிருந்தது. விரல்களை விரித்து, உள்ளங்கையைப் பார்ப்பவர் முகத்துக்கு நேராக. மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் கிட்டே தள்ளித் தள்ளி.

"அவங்க ஊர்ல அது காறித் துப்புற மாதிரி சித்தி," என்றாள் சின்னவள். "உள்ளங்கையைக் காட்டாதீங்கன்னு மேடம் முதல் நாளே சொல்லிட்டாங்க. நான் போய் அதைச் செய்வேனா?"

"தள்ளித் தள்ளிக் காட்டினா என்ன அர்த்தம்?"

"தெரியலையே. எதுக்கு மூணு தடவை?"

"அவனோட உனக்கு எத்தனை வாரப் பழக்கம்?"

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஐந்து விரலை நீட்டினாள். உள்ளங்கை வியர்வையில் பளபளத்தது. "தினமும் சாயங்காலம். எல்லாம் நான்தான்."

திருடன் இந்த அறைக்கே வரவில்லை என்பது சித்திக்குப் புரிந்துவிட்டது. நேற்று மதியம் அந்தக் கைபேசி எங்கே இருந்தது? வீட்டுக் கூடத்தில், மேசை மேல், சார்ஜில். சின்னவள் குளிக்கப் போயிருந்தாள். ஒரு வயர் இரவல் கேட்டு ராக்கெட் வந்திருந்தான். இருவரையும் காரில் அழைத்துப்போகப் பேராசிரியை வந்திருந்தார். மூன்றாவது ஆள், சின்னவளின் அக்கா.

பெரியவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இதே கல்லூரியில் சேர இரண்டு முறை நுழைவுத் தேர்வு எழுதியவள். மூன்றாம் முறை தங்கை எழுதினாள். முதல் முயற்சியிலேயே இடம் கிடைத்தது. அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தது பெரியவள்தான்.

பத்து மணிக்குச் சித்தியும் சின்னவளும் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நிலைக்கண்ணாடி முன் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சீப்பு ஒரு கணம் நின்றது. பதிவெல்லாமா போய்விட்டது என்று கேட்டாள். எல்லாம்தான் என்றாள் தங்கை. பெரியவள் ஊசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டு கண்ணாடியையே பார்த்தாள்.

"நேத்து வந்தவங்களுக்கு டீ போட்டியாமே. எத்தனை கப்?" என்றாள் சித்தி.

பெரியவள் சித்தியின் பக்கம் திரும்பி ஐந்து விரலைக் காட்டினாள். நகங்களில் புதுச் சிவப்புச் சாயம். ஊசியை எடுத்துவிட்டு, "ராக்கெட் ரெண்டு கப் குடிச்சான்," என்றாள்.

"அந்தச் செயலி உனக்குத் தெரியுமா கண்ணு?"

தங்கைக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் கை காட்டியதாகச் சொன்னாள். சலிப்பாக இருந்ததாம், விட்டுவிட்டாளாம். அதிலே என்ன இருக்கிறது என்றும் கேட்டாள்.

சித்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பதவி உயர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேரைக் கை நீட்டிக் குற்றவாளி என்று சொன்னவள். தூக்கி வளர்த்த பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை.

"ராக்கெட் அஞ்சுன்னு காட்டினான். அவன் உள்ளங்கை மை எனக்குத் தெரிஞ்சுது. இவளோட மேடம் காட்டினாங்க. அவங்க உள்ளங்கை கண்ணாடியில ஒட்டிச்சு. எல்லாரும் அப்படித்தான் காட்டுவோம். நீ காட்டினப்ப எனக்கு உன் நகம் தெரிஞ்சுது. உள்ளங்கையை உன் பக்கம் திருப்பிக் காட்டினே. ரெண்டு நாள்ல அந்தப் பழக்கம் வராது."

பெரியவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கடைசி ஊசியைக் கொண்டையில் செருகினாள்.

"அதை விடு. இவளைப் பார். உள்ளங்கையைக் காட்டக் கூடாதுன்னு வாயால சொன்னா. அடுத்த நிமிஷமே எனக்கு உள்ளங்கையைக் காட்டி அஞ்சு வாரம்னா. இவளுக்கு அந்த விதி புத்தியில இருக்கு. உனக்குக் கையில இருக்கு. அப்படின்னா சாயங்காலம் சாயங்காலம் அவனோட பேசினது யாரு?"

சின்னவளின் தலை குனிந்தது.

"தள்ளித் தள்ளிக் காட்டுறதுதான் அந்த ஊர் முறைன்னு இவளுக்குத் தெரியலை. மேடம் சொன்ன ஒரு வரியில அது இல்லை. ராக்கெட்டோட கூட்டாளி வேற நாடு. அக்கரைக்காரனே விளையாட்டா யாருக்கோ செஞ்சு காட்டியிருக்கணும். நல்லாப் பழகின ஒருத்திக்கு."

பெரியவள் கண்ணாடியை விட்டுத் திரும்பினாள். பிறகு அவள் தங்கையிடம்தான் பேசினாள், சித்தியிடம் அல்ல. குரல் உயரவில்லை.

"உனக்குப் பரீட்சை, உனக்குக் காய்ச்சல், உனக்கு ப்ரோக்ராம் எழுதணும். நீ காட்டுடி அக்கான்னு குடுத்துட்டுப் போயிட்டே. அவ்வளவு நாளும் அவன் எங்கிட்டதான் பேசினான். போன வாரம் நீ மேடையில ஒத்திகை பாத்தியே, அன்னிக்கு நான் பின் வரிசையில இருந்தேன். 'இது என் கை'ன்னு சொன்னே. அதோட சாயங்காலம் காட்டுறதை நிறுத்திட்டேன். ஜெயிச்சா நீ போவே. அவன் விமான நிலையத்துல வந்து உன் கையைப் பிடிப்பான். நான் பிடிச்ச கையை."

"அதுக்காக என் வேலையையே…"

"அழிஞ்சிடும்னு தெரியாதுடி. அவனுக்கு உன்மேல கோபம் வரணும், அவ்வளவுதான் நெனச்சேன். நீ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள செஞ்சு முடிச்சேன். முடிச்ச அடுத்த நிமிஷமே கையை வெட்டிப் போடலாம்னு இருந்துது."

சின்னவளும் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. பயந்துதான் அப்படிச் சொன்னதாக ஒப்புக்கொண்டாள். கூட்டாளியோடு தானே பேசியிருக்க வேண்டும் என்பது போட்டியின் விதி. உண்மையைச் சொன்னால் ஆரம்பத்திலேயே வெளியே அனுப்பியிருப்பார்கள்.

"இன்னிக்கு நடுவர்கிட்ட சொல்லு," என்றாள் சித்தி. "அனுப்பினா வெளியே வா. அதுக்கு முன்னாடி அந்தப் பையன்கிட்ட யாராவது மன்னிப்புக் கேக்கணும். யார் கேக்கப் போறீங்க?"

கல்லூரியிலிருந்து கையோடு கொண்டுவந்த கைபேசியை மேசை மேல் நிறுத்தினார்கள். முதலில் சின்னவள் கையைக் காட்டினாள். மார்பில் வைத்து, தலைக்கு மேல் கூப்பி, தனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் கெஞ்சினாள். அந்தப் பக்கம் திரை திறந்துதான் இருந்தது. எந்தக் கையும் வரவில்லை.

தங்கை நகர்ந்துகொண்டாள். பெரியவள் உட்கார்ந்து, கையை மெதுவாகக் கேமரா முன் கொண்டுவந்தாள். எதையும் காட்டவில்லை. மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

திரையில் ஒரு கோட்டுக் கை வந்தது.

அது ஒரு கோப்பையைப் பிடிப்பது போல வளைந்தது. அதைக் கவிழ்த்தது. இரண்டு முறை உதறியது. ஒரு சொட்டும் விழவில்லை என்பதைப் போல விரல்கள் விரிந்து, மறுபடி கோப்பையாகிக் காத்திருந்தன.

"என்ன சொல்றான்?" என்றாள் சின்னவள்.

பெரியவளின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சாயங்காலத்தில் அவள் டீ ஊற்றுவது போலக் காட்டுவாளாம், அவன் கோப்பையை நீட்டுவானாம். ஒரு வாரமாகக் கோப்பை காலியாக இருக்கிறது, நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறான். கை மாறியது அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டதாம்.

அவள் ஊற்றினாள். சற்று நேரத்தில் பதிவுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின.

எல்லாம் கிடைத்துவிட்டது. சின்னவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவளோ கதவோரம் நின்று, திரையில் தான் செய்த கோடுகளுக்குள் அந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை ஒருநாளும் தனக்காக அப்படி வளைந்ததில்லை. நெஞ்சுக்குக் கீழே ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது.

சித்தி அவள் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு வேறு தடயம் எதுவும் தேவைப்படவில்லை.

"கிளம்பு," என்று அவள் தோளைத் தட்டினாள். "நடுவர்கள் வந்துடுவாங்க. இந்தப் புதுக் கேஸை நான் எடுத்துக்கறதா இல்லை."